உயிர் தப்பினது காணாதோ என்று கேட்பவர்களுக்கு

"உயிர் தப்பி வந்தது காணாதோ?" வன்னியில் ஒரு பெண் தனக்கென்று எதையாவது கேட்டால், உயிரோடு இருப்பதே போதாதா என்ற இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கும். பல்லுக்குக் கம்பி போட ஆசைப்பட்ட பிள்ளைக்கும் இதைத்தான் சொன்னார்கள், காது கேட்கும் மெஷின் வேண்டும் என்ற மாமிக்கும் இதைத்தான் சொன்னார்கள். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. 2009இல் யுத்தத்தின் கடைசியில் கையில் ஒரு பையோடு வட்டுவாகல் பாலம் கடந்து வந்தவர்கள் தங்களுக்கும் இதையே சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருடத்தை ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வி கடைசியாக என் பெரியம்மாவின் மகளை நோக்கி வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து மனதுக்குள் கிடந்து அரிக்கிறது, அதனால் எழுதுகிறேன். அவளை இங்கே அக்கா என்று மட்டும் சொல்லப்போகிறேன். எழுதச் சொன்னதே அவள்தான்.

அக்கா கேட்டது மார்பகத்தை உயர்த்திச் சரிசெய்யும் சத்திரசிகிச்சை. நாற்பத்து மூன்று வயது, மூன்று பிள்ளைகள், அத்தானை மாத்தளனில் இழந்தவள். கிளிநொச்சிக்குப் பக்கத்தில் வீடு, முன் விறாந்தையில் தையல் மெஷின், அதுதான் வருமானம். சலரோகம் என்று தெரிந்த பிறகு சோற்றைக் குறைத்து, விடிய எழும்பி நடந்து, உடம்பை நன்றாக இறக்கினாள். உடம்பு இறங்கிய அளவுக்குத் தோல் சுருங்கவில்லை. மார்பு தொய்ந்து வயிற்றில் படும், வைகாசி ஆனி வெக்கையில் அந்த மடிப்புக்குள் வியர்த்து, சிவந்து, தோல் உரிந்து எரியும். பவுடர் போட்டாள், கிளினிக்கில் தந்த பூஞ்சண மருந்து பூசினாள், மாறும், திரும்ப வரும். வெட்டி மிஞ்சிய பருத்தித் துணியை நாலாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டுதான் மெஷினில் இருப்பாள்.

இதையெல்லாம் அவள் எனக்கு மட்டுந்தான் சொன்னாள். வீட்டாருக்குச் சொன்னது ஒரே வசனம், "எனக்கு இது செய்யவேணும், அண்ணா காசு அனுப்புறன் எண்டவர்." சொந்தத்துக்குள்ளேயே ஒருவர் உடனே கேட்டார், "ஆருக்குக் காட்ட?" புருசன் இல்லாத ஒருத்தியைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. அதற்குப் பிறகுதான் உயிர் தப்பினது காணாதோ என்பது வந்தது. திரும்பி வரும் வழியில் நான் சொன்னேன், அந்தப் புண்ணைப் பற்றிச் சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பார்களே என்று. "புண் எண்டால்தான் விடுவினமோ? புண்ணும் இருக்குத்தான். ஆனா எனக்கு என்ர உடம்பு வடிவா இருக்கவேணும் எண்டும் ஆசை. அதைச் சொன்னால் என்ன பிழை?" என்றாள். ஒரு பிழையும் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். நோய் என்று நிரூபித்தால்தான் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி வாய் திறக்கலாம் என்ற நியாயம் எனக்கு விளங்கவில்லை.

இது ஒருத்தியின் விசித்திர ஆசை என்றும் நினைக்காதீர்கள். ஊரில் பாதிப் பெண்களின் அளவு அக்காவின் கொப்பியில் இருக்கிறது. சட்டை தைக்க வருபவர்கள், விறாந்தையில் வேறு ஆட்கள் இல்லை என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் தூக்கித் தைச்சு விடுங்கோ" என்பார்களாம். இருபத்தைந்து வயதுத் தாயும் கேட்கிறாள், பேரப்பிள்ளை கண்டவரும் கேட்கிறார். பேஸ்புக்கில் விற்கிற கிறீமை வாங்கிப் பூசியவர்கள் இருக்கிறார்கள், பியூட்டி பார்லரில் மசாஜ் என்று காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கேட்டுத் தெளிய ஓர் இடம் இல்லாததால்தான் அந்தக் காசெல்லாம் போகிறது.

மார்பகம் என்பது கொழுப்பும் பால் சுரப்பிகளும். அதைத் தாங்கிப் பிடிப்பது தோலும், உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய இழைகளும். கூப்பர் இழைகள் என்பார்கள், அஸ்லி கூப்பர் என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணரின் பெயர். மார்பகத்துக்குள் தசை இல்லை, தசை அதற்குப் பின்னால் நெஞ்சுச் சுவரில் இருக்கிறது. அதனால் உடற்பயிற்சி செய்தால் அந்தத் தசை உறுதியாகும், தொய்ந்த தோல் தொய்ந்தபடிதான் இருக்கும். கிறீம் தோலுக்கு ஈரப்பதம் கொடுக்கும், இழைகளை இழுத்துக் கட்டாது.

பால் கொடுத்ததால்தான் இப்படி ஆனது என்று எங்கள் பக்கத்தில் ஒரு முடிவான நம்பிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், மார்பகச் சத்திரசிகிச்சைக்கு வந்த பெண்களை வைத்து ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், தொய்வோடு தொடர்பாகத் தெரிந்தவை வயது, உடற்பருமன், எத்தனை தரம் கர்ப்பமானார் என்பது, கர்ப்பத்துக்கு முன்னரே மார்பகம் பெரிதாக இருந்ததா என்பது, புகைத்தல் ஆகியவை. பால் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கர்ப்பத்திலேயே மார்பு பெருத்துத் தோல் இழுபட்டுவிடுகிறது, பிறகு பிள்ளைக்குப் பால் கொடுத்தாலும் விட்டாலும் அந்த இழுபட்ட தோல் அப்படியேதான். பால் கொடுத்தால் வடிவு கெடும் என்று பயந்து இரண்டாம் மாதமே பால்மா வாங்குகிற தங்கச்சிமாருக்கு இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் என்று மிட்வைஃப் சொல்வதை வடிவுக்குப் பயந்து விடாதீர்கள்.

தையல்காரி கேட்ட கேள்விகள்

ஏ9 பாதையில் யாழ்ப்பாணம் போய் ஒரு பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணரைத் தனியார் கிளினிக் ஒன்றில் பார்த்தோம். ஆண் டொக்டர். அக்கா வாசலிலேயே தயங்கினாள். உள்ளே ஒரு பெண் தாதி நின்றார், நானும் கூட இருக்கலாம் என்றார்கள். ஆண் டொக்டர் பரிசோதிக்கும்போது பெண் ஒருவர் உள்ளே நிற்க வேண்டும் என்று நீங்களே கேட்கலாம், கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

டொக்டர் அவளை நிமிர்ந்து இருக்கச் சொல்லி, அளவு நாடாவை எடுத்தார். கழுத்தின் அடியில் இருக்கும் குழியிலிருந்து முலைக்காம்பு வரை அளந்தார், காம்பிலிருந்து கீழ் மடிப்பு வரை அளந்தார், இரண்டு பக்கமும். ஒவ்வொரு எண்ணையும் தாதிக்குச் சொல்லச் சொல்ல அக்காவின் உதடு அசைவதைப் பார்த்தேன், தன் கொப்பியில் எழுதுவதுபோல அவளும் மனதுக்குள் குறித்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் ஒரு சென்ரிமீற்றர் கூட என்று வந்தது. "அது எனக்குத் தெரியும் டொக்டர், நான் என்ர சட்டைக்கு இடப்பக்கம் கூட்டித்தான் வெட்டுறனான்" என்றாள். அதுவரை கதிரை நுனியில் ஒடுங்கி இருந்தவள், அதற்குப் பிறகு சாய்ந்து இருந்து கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

தொய்வுக்குப் படிநிலை இருக்கிறது, ரெக்னோல்ட் என்ற நிபுணர் 1976இல் வகுத்தது. முலைக்காம்பு கீழ் மடிப்பின் மட்டத்துக்கு வந்தால் முதலாவது, அதற்குக் கீழே இறங்கினால் இரண்டாவது, மார்பின் அடிப்பாகத்துக்கே வந்து நிலத்தைப் பார்த்தால் மூன்றாவது. அக்காவுக்கு மூன்றாவது. தொய்வு கொஞ்சம் என்றால் கருவட்டத்தைச் சுற்றி மட்டும் வெட்டினால் போதும். இன்னும் கூடினால் அதிலிருந்து கீழே நேராக ஒரு கோடு. மூன்றாவது நிலையில் அதோடு கீழ் மடிப்பிலும் ஒரு கோடு சேரும், நங்கூரம் போல வரும். தழும்பு நிச்சயம், அது எவ்வளவு நீளம், எங்கே என்பதுதான் பேச்சு.

"அப்ப இது டாட் பிடிக்கிற வேலைதானே டொக்டர்?" என்று கேட்டாள். மேலதிகத் துணியை மடித்துத் தைத்து வடிவம் எடுப்பது. அவர் கிட்டத்தட்ட அதுதான் என்று ஒத்துக்கொண்டார், ஆனால் துணிக்கு இரத்தம் ஓட வேண்டியதில்லை என்றார். முலைக்காம்பைக் கழற்றி மேலே ஒட்டுவதில்லை, அதற்குப் போகும் இரத்தக் குழாயும் நரம்பும் உள்ள சதையோடு சேர்த்தே வைத்து மேலே நகர்த்துகிறார்கள். அந்த இரத்த ஓட்டம் கெட்டால் காம்பின் ஒரு பகுதியோ முழுவதுமோ கருகிப் போகலாம். அரிதாக நடப்பதுதான், ஆனால் புகைப்பவர்களுக்கும் சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் ஆபத்து கூட. நரம்பு இழுபடுவதால் உணர்ச்சி குறையலாம், பலருக்குச் சில மாதத்தில் திரும்பும், சிலருக்குத் திரும்பவே திரும்பாது. பால் குழாய்களும் பாதிக்கப்படலாம். இனிமேல் பிள்ளை வேண்டும் என்றிருப்பவர்களைப் பிள்ளை பெற்று முடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள், இன்னொரு கர்ப்பம் வந்தால் செய்ததும் திரும்பத் தொய்யும்.

பலர் குழப்பிக்கொள்ளும் விசயம் ஒன்று. இந்தச் சத்திரசிகிச்சை மார்பகத்தைச் சிறிதாக்குவதும் இல்லை, பெரிதாக்குவதும் இல்லை. இருக்கிறதை மேலே கொண்டுவருகிறது. தோள் வலி, கழுத்து வலி, பிராப் பட்டி தோளில் வெட்டின தடம் என்று பாரம்தான் பிரச்சினை என்றால் தேவைப்படுவது குறைக்கும் சத்திரசிகிச்சை, அதிலேயே உயர்த்துவதும் சேர்ந்து நடக்கும். மேற்பக்கம் நிறைவாக இருக்க வேண்டும் என்றால் சிலிக்கன் வைப்பதைப் பற்றிப் பேசுவார்கள். அது ஆயுள் முழுவதற்குமான பொருள் இல்லை, ஒரு நாள் மாற்றவோ எடுக்கவோ வேண்டி வரலாம். 2019இல் அலர்கன் நிறுவனத்தின் சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஒரு வகையை, அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பு இருப்பதால் திரும்பப் பெறும்படி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கேட்டு, அது திரும்பப் பெறப்பட்டது. அக்கா அந்தப் பேச்சை அங்கேயே வெட்டிவிட்டாள். "உள்ளுக்கு வேற ஒண்டும் வேண்டாம் டொக்டர். ஏற்கனவே ஒண்டு கிடக்குது."

தோளில் இருந்த தழும்பு

அவர் என்ன என்று கேட்டார். அக்கா சட்டையை இடது தோளிலிருந்து விலக்கினாள். 2009 பங்குனியில் பட்ட செல் பீஸ், வெடித்த எறிகணையின் துண்டு. பின்தோளில், உள்ளங்கையளவு, தடித்து, பளபளத்து, ஓரங்கள் இழுபட்ட தழும்பு. சின்னதாக ஒரு துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அந்தத் தழும்பை அவள் யாருக்கும் காட்டுவதில்லை, தனக்கு எப்போதும் கழுத்து மூடித்தான் தைப்பாள். அதைக் காட்டிவிட்டு அவள் சொன்னதுதான் என்னால் மறக்க முடியாதது. "என்ர தோல் இப்பிடித்தான் டொக்டர் காயும். இதாலதான் வரவே யோசிச்சனான். முன்னாலயும் இப்பிடி ரெண்டு வந்தால் இருக்கிறதை விடக் கேவலமாப் போயிடுமெல்லோ."

இவ்வளவு நாளும் இந்தப் பயத்தை அவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஊராரின் பேச்சுக்குப் பயப்படுகிறாள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

அவர் அவசரப்படவில்லை. எழும்பி வந்து தழும்பை விரலால் அழுத்திப் பார்த்தார், அரிக்குமா, நோகுமா, வருடா வருடம் பெருக்கிறதா என்று கேட்டார். இல்லை, வந்த அளவிலேயே நிற்கிறது என்றாள். பிறகு காதைப் பார்த்தார், தோடு குத்தின இடம். இடது கையில் பிறந்தபோது போட்ட பீசீஜி ஊசித் தழும்பைப் பார்த்தார். கடைசிப் பிள்ளை சீசர், வயிற்றை வெட்டி எடுத்தது என்று அறிந்ததும் தாதியை வைத்து அந்த வெட்டைப் பார்க்கச் சொன்னார், தாதி பார்த்துவிட்டு மெல்லிய கோடுதான், தட்டையாக இருக்கிறது என்றார். அந்தத் தோள் காயம் எப்படி ஆறியது என்று கேட்டார். அக்கா சொன்னாள், பள்ளிக்கூடத்தில் நடந்த ஆஸ்பத்திரியில் கழுவிக் கட்டிவிட்டார்கள், தைக்கவில்லை, அடுத்த நாளே இடம் மாற வேண்டி வந்தது, பிறகு சீலைத் துணியால் கட்டியது, சீழ் வைத்தது, செட்டிகுளம் முகாமில் ஆவணி வரை ஆறாமல் கிடந்து தானாக மூடியது.

"அப்ப அது உங்கட தோலின்ர பிழை இல்லை" என்றார் டொக்டர். "திறந்து கிடந்து சீழ் பிடிச்சு மாசக் கணக்கில மூடின காயம் ஆருக்கு எண்டாலும் இப்பிடித்தான் வரும். உங்கட தோல் எப்பிடிக் காயும் எண்டு பார்க்க நான் அதைப் பார்க்க மாட்டன், சீசர் வெட்டைத்தான் பார்ப்பன்."

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இவ்வளவு வருடமும் தன் தோலே அப்படிப்பட்டது என்று அவள் முடிவு கட்டி வைத்திருந்திருக்கிறாள். கத்தி, ஊசி என்று எது வந்தாலும் பின்வாங்கியிருக்கிறாள். அந்தத் தழும்பை ஆற்ற யாருக்கும் அன்று வழி இருக்கவில்லை என்பதை ஒரு வைத்தியர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்று சொல்ல இத்தனை காலம் ஆகியிருக்கிறது. உயிர் தப்பினது காணாதோ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். தப்பி வந்த உடம்போடுதான் இந்தப் பெண்கள் வாழ்கிறார்கள். அந்த உடம்பு வியர்க்கிறது, பெருக்கிறது, மெலிகிறது, கண்ணாடி முன்னால் நிற்கிறது. அதைப் பற்றி ஒருத்தி வைத்தியரிடம் போனால், வேறு எவரும் பார்க்காத ஒன்றை அவர் பார்த்துச் சொல்ல இடம் உண்டு. போகவிடாமல் வாயை அடைத்தால் அதுவும் இல்லை.

டொக்டர் உத்தரவாதம் கொடுத்துவிடவும் இல்லை. எங்கள் நிறத் தோலில் தழும்பு தடிக்கவும் கறுக்கவும் வாய்ப்புக் கூட, நெஞ்சுப் பகுதி அதற்குப் பேர்போனது. முதல் சில மாதம் சிவந்து தடித்துத்தான் இருக்கும், மங்க ஒரு வருடமோ அதற்கு மேலோ எடுக்கும், முழுதாக மறையாது. நங்கூரக் கோடுகள் சந்திக்கும் மூலையில் காயம் கொஞ்சம் பிரிந்து ஆறத் தாமதிப்பது அடிக்கடி நடக்கிறது. இரத்தம் உள்ளே கட்டலாம், கிருமி தொற்றலாம், இரண்டு பக்கமும் அச்சொட்டாக ஒரே மாதிரி வராமல் போகலாம். சிலருக்குக் கொழுப்பு இறந்து கட்டியாகத் தட்டுப்படும். உள்ளே இருக்கும் அந்தச் செல் துண்டைப் பற்றி மயக்க மருந்து கொடுப்பவருக்கும், எப்போதாவது எம்ஆர்ஐ ஸ்கான் எடுப்பதென்றால் அங்கேயும், மறக்காமல் சொல்ல வேண்டும் என்றார். பீஸோடு வாழும் எல்லாருக்கும் இது பொருந்தும், உலோகமும் அந்தக் காந்தமும் ஒத்துப்போகாது.

கத்தி வைக்குமுன் மமோகிராம் எடுக்கச் சொன்னார். நாற்பது கடந்தவர்களுக்கு இது வழக்கம், ஏற்கனவே ஏதும் இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும், பிறகு ஒரு காலத்தில் எடுக்கும் படத்தோடு ஒப்பிடவும் இது உதவும். அக்காவின் மார்பை அதற்கு முதல் எந்த வைத்தியரும் பரிசோதித்ததில்லை. இலங்கையில் பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய்தான், எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகங்களில் சுகவனிதையர் கிளினிக் 1996இலிருந்து நடக்கிறது, முப்பத்தைந்து கடந்தவர்களை இலவசமாகவே பார்க்கிறார்கள். எங்கள் ஊரிலும் நடக்கிறது. அக்காவின் படத்தில் ஒன்றும் இருக்கவில்லை. இதை வாசிக்கிறவர்கள் சத்திரசிகிச்சை செய்கிறீர்களோ இல்லையோ, அந்தக் கிளினிக்குக்குப் போங்கள்.

ஆறு கிழமை ஆர் தண்ணி அள்ளுறது?

ஒப்பரேசன் இரண்டு மூன்று மணித்தியாலம், முழு மயக்கத்தில். அன்றைக்கே அல்லது அடுத்த நாள் வீடு. இதை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் மேசை வேலை செய்பவர்கள் இரண்டு கிழமையில் வேலைக்குப் போகலாம் என்று சொல்கிற ஆலோசனை எங்கள் வீடுகளைக் கண்ட ஆலோசனை இல்லை. நாலு தொடக்கம் ஆறு கிழமை பாரம் தூக்கக்கூடாது, கையைத் தோளுக்கு மேலே தூக்கி இழுக்கக்கூடாது. எங்கள் வீட்டில் கப்பிக் கயிறை இழுக்காமல் தண்ணீர் இல்லை. குளிப்பதென்றாலும் வாளியைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். தேங்காய் திருவுவது நெஞ்சுத் தசையால்தான், ஒருக்கால் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு திருவிப் பாருங்கள். விறகு கொத்துவது, மா இடிப்பது, சைக்கிள் உழக்குவது, கிறவல் றோட்டில் ஸ்கூட்டி ஓட்டுவது எல்லாம் இதற்குள் வரும். அக்காவுக்கு இன்னும் ஒன்று, துணியை நிலத்தில் விரித்துக் குனிந்து வெட்டுவது.

டொக்டர் கேட்டார், வீட்டில் ஆர் ஆர் இருக்கிறார்கள் என்று. இரண்டு பெடியள், ஒரு பெட்டை, எல்லாரும் வளர்ந்துவிட்டார்கள். "அப்ப பெடியளைச் சமைக்கப் பழக்குங்கோ" என்றார். அக்கா சிரித்தாலும் வீட்டுக்கு வந்து அதைத்தான் செய்தாள். மூத்தவன் தண்ணி, இளையவன் தேங்காயும் விறகும், மகள் காயத்துக்கு மருந்து கட்ட உதவி. சத்திரசிகிச்சைக்குத் தயாராவது என்றால் இது இரத்தம் சோதிப்பதற்குச் சமமான வேலை. இந்த ஒழுங்கு இல்லாமல் செய்துகொண்டு மூன்றாம் நாளே கிணற்றடிக்குப் போனால், நல்ல வைத்தியர் செய்த தையலும் பிரியும்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பக்கம் திறக்கும் இரவு உடுப்பு வேண்டும், தலைக்கு மேலால் போடுவது சரிவராது. கம்பி இல்லாத இறுக்கமான பிராவை இரவும் பகலும் சில கிழமை போட வேண்டும், வியர்த்தால் மாற்ற இரண்டாவது ஒன்றும் வேண்டும். நிமிர்ந்தே படுக்க வேண்டும், தலைமாட்டை உயர்த்தி. அஸ்பிரின் போன்றவை குடிப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது. வீட்டுக்கு வந்த பின் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி விறைத்தால், காம்பு நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், காய்ச்சல் அடித்தால், சீழ் வந்தால், கெண்டைக்கால் வீங்கினால், மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்தால் விடியும் வரை காத்திருக்கக்கூடாது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவு மாஞ்சோலையிலோ வவுனியாவிலோ கிட்டவுள்ள பெரியாஸ்பத்திரிக்கு உடனே போய், என்ன செய்தது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். வெட்கத்தில் அல்சர் ஒப்பரேசன் என்று சொன்னால் ஆபத்து உங்களுக்குத்தான்.

காசைப் பற்றி. மொத்தமாக ஒரு தொகை சொன்னால் ஏற்காதீர்கள். வைத்தியருக்கு எவ்வளவு, மயக்க மருந்துக்கு எவ்வளவு, தியேட்டருக்கும் கட்டிலுக்கும் எவ்வளவு, மருந்து கட்டப் போகும் நாட்களுக்கு எவ்வளவு, காயம் பிரிந்து திரும்பத் தைக்க நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது என்று பிரித்து எழுதி வாங்குங்கள். வைத்தியரின் பெயர் இலங்கை மருத்துவ சபையில் பதிவாகி, பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணர் என்றே இருக்கிறதா என்று பார்க்கலாம். தனியார் ஆஸ்பத்திரிகள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவில் மலிவு என்று போக நினைத்தால், திரும்பி வந்த பிறகு காயத்தை யார் பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நுண்கடன் எடுத்து மட்டும் செய்யாதீர்கள். கிழமைக்கிழமை கட்டுக் காசுக்கு ஆள் வந்து படலையில் நின்றால் நாலாம் கிழமையே மெஷினில் இருக்க வேண்டி வரும், அது காயத்துக்குக் கூடாது. எங்கள் ஊரில் அந்தக் கடன் எத்தனை பெண்களை என்ன செய்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

படங்கள். முன்னும் பின்னும் ஒப்பிட மார்பைப் படம் எடுப்பார்கள், அது மருத்துவப் பதிவு. எடுக்கும் முன் உங்களிடம் சம்மதம் கேட்க வேண்டும். யாருடைய கமெராவில், எங்கே வைப்பீர்கள், விளம்பரத்துக்குப் போடுவீர்களா, முகம் வருமா என்று கேளுங்கள். விளம்பரத்துக்குச் சம்மதம் இல்லை என்று எழுதிக் கொடுக்கலாம். அக்கா அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்தாள். தாதி அதை வாங்கிப் பைலில் போட்டார், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

பள்ளிக்கூடச் சட்டைகளும் பொங்கல் தையலும் முடிந்து மாசியில் செய்வதாகப் பேசியிருக்கிறது, அந்த நேரம் வெக்கையும் அவ்வளவு இல்லை. அதற்கு முன், மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் HbA1c சோதனையில் 7.5க்குக் கீழே வர வேண்டும், வராவிட்டால் தள்ளிப்போடுவேன் என்று டொக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். போன முறை 8.1. அக்கா இரவுச் சோற்றை நிறுத்திக் குரக்கன் பிட்டுக்கு மாறியிருக்கிறாள், அதையும் அளந்துதான் சாப்பிடுகிறாள். "ஆருக்குக் காட்ட" என்று கேட்டவர் போன கிழமை சட்டைத் துணியோடு வந்தாராம். அளவெடுத்து முடிந்த பிறகு, அந்த டொக்டர் எந்த நாட்களில் இருப்பார் என்று கேட்டாராம். செவ்வாயும் வெள்ளியும் என்று அக்கா சொல்லிவிட்டாள், ஏன் என்று கேட்கவில்லை.